பெருந்தலைவர் ஓர்தோனியோவுக்கு ஒரு சாட்சி

காலை முதல் இந்த நாற்காலியை விட்டு எழாமல், எழவும் முடியாமல், அவைக்குத் தலைமை தாங்கும் நகர்மன்றத் தலைவர் எனெகோ அவர்களே, மேடையின் வலப்புறத்தில் வெள்ளை மேலங்கி விரிய, நீலச் சிலுவை ஒளிர வீற்றிருக்கும் புனித ஜெர்வாசியோ வாள் துறவியர் சபையின் பேராளர், சகோதரர் வெலாஸ்கோ அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, திராட்சை பறிப்பதைப் பாதியில் விட்டு வந்திருக்கும் வால்தோர்வாவின் பெரியோர்களே, உடன்பிறந்தோரே, எல்லோருக்கும் முன்னால் வெயிலில், வெறுந்தரையில், எவர் நிழலையும் எதிர்பாராமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. இரும்போடு பேசிப் பழகிய லாடக்காரன் ஃபோர்துனின் பணிவான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த பெருந்தலைவர் தொன் ஓர்தோனியோ அவர்களைப் புனிதராக உயர்த்த வேண்டுமாம். உயர்த்துவதற்கு ஓர் அற்புதம் வேண்டுமாம். அற்புதத்துக்கு ஏழு சாட்சிகள் வேண்டுமாம். பதினேழு ஆண்டுகளுக்கு முன், முற்றுகை நாளில், பெருந்தலைவர் தம் ஈட்டியால் வறண்ட ஓடையைக் குத்தினார், தண்ணீர் பீறிட்டது, ஊர் பிழைத்தது. இப்படித் தோல் ஏட்டில் அழகாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆறு பேர் அதன் அடியில் சிலுவைக் குறி போட்டுவிட்டார்கள். ஏழாவது இடம் எனக்காகக் காத்திருக்கிறது.

ஏன் எனக்கு? பத்தொன்பது ஆண்டுகள் பெருந்தலைவரின் குதிரைக்கு லாடம் கட்டியவன் நான். முற்றுகை நாளில் சபையின் பெனகோர்தா கோட்டைக்குள் இருந்தவன் நான். என் சாட்சிக்கு எடை அதிகம் என்கிறார் சகோதரர் வெலாஸ்கோ.

குறி போட்டால் என்ன ஆகும்? ஓடைக் கிணறு திருத்தலம் ஆகும். தலத்தைச் சுற்றிச் சுவர் எழும். சுவரில் ஒரு கதவு, கதவில் ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவி சபையின் இடுப்பில். நினைத்த நேரத்தில் குடத்தோடு போகும் நம் பெண்கள், இனி நேரம் கேட்டு நிற்பார்கள். அங்கே முணுமுணுப்பது யார்? கூரைக்காரர் ஷிமேனோவா? ஏட்டில் முதல் குறி உங்களுடையதுதானே ஷிமேனோ, இப்போது முணுமுணுத்து என்ன செய்ய?

சகோதரர் கை காட்டுகிறார். சாட்சியைச் சொல் என்கிறார். சொல்கிறேன் ஐயா. சுருக்காமல் சொல்கிறேன்.

மோன்ராஸ்கோ பிரபுவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு நிலம் போனது. அடுத்தவனுக்கு ஆலயம் போனது. மூன்றாவது மகன் ஓர்தோனியோவுக்கு என்ன மிஞ்சியது? ஒரு வாள் மிஞ்சியது. ஆனால் பாவம், அந்தப் பிள்ளை வாளைக் கண்டால் வியர்க்கும், குதிரையைக் கண்டால் குளிரும். ஏழு வயதில் ஒரு கழுதை அவரைக் கீழே தள்ளியதாம். மூன்று நாள் அடுமனை மாவு மூட்டைகளுக்குள் ஒளிந்திருந்தாராம். பிறகு கண்டுபிடித்துத் தட்டி எடுத்து, வெள்ளையாக இருக்கிறானே, வெள்ளை அங்கி சபைக்குப் பொருந்துவான் என்று அனுப்பிவிட்டார்கள் போலும்.

அப்படிப்பட்டவர் எப்படிப் பெருந்தலைவர் ஆனார்? வீரத்தாலா? விவேகத்தாலா? கேளுங்கள். பழைய தலைவர் இறந்தபோது சபை இரண்டாகப் பிளந்தது. பதின்மூன்று தேர்வாளர்களை ஓர் அறைக்குள் விட்டார்கள். ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம், பதின்மூன்றாவது ஆள் ஓர்தோனியோ. எட்டு நாள் ஏசினார்கள், எட்டு நாளும் இழுத்தார்கள். ஒன்பதாம் நாள் இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது: இந்த ஆளை வைத்தால் நாம் சொன்னபடி கேட்பான். ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். எழுந்து நின்று முதல் உரை ஆற்றச் சொன்னார்கள். ஆற்றினார். அறைக்கு உணவு கொண்டுபோன சமையல்காரர் என் மைத்துனர். அவர் காதால் கேட்ட உரை இது.

"சரி, சரி. இனிமேலாவது கதவத் தெறப்பீங்களா? பசிக்குது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பூட்டிய அறைக்குள் பசித்திருப்பது எப்படி என்று அறிந்த மனிதர் அவர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆட்சிக்கு வந்தார் அண்ணல். அங்கி வளர்ந்தது, தாடி வளர்ந்தது, கொடி வளர்ந்தது, கொடியைச் சுமப்பவர் எண்ணிக்கை வளர்ந்தது. வளராதது ஒன்றே ஒன்று: குதிரைக்கும் அவருக்கும் இடையிலான நட்பு. அவருக்காகச் சபை முழுவதும் தேடி ஒரு பெண் குதிரையைப் பிடித்தார்கள். பெயர் இடி. குணம் பஞ்சு. அதன்மேல் ஏற மூன்று படி வைத்த முக்காலி. அந்த முக்காலியைத் தூக்க இரண்டு ஆள். ஏறிய பிறகு கடிவாளத்தைப் பிடிக்க மூன்றாவது ஆள். இடியும் நடக்கும், இவரும் இருப்பார். போர்க்களம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையில் மட்டும் இடிக்குக் கால் வலி வந்துவிடும்.

கதையல்ல, ஐயா. நான் லாடக்காரன். மனிதன் வாயால் பொய் சொல்லலாம், குதிரையின் குளம்பு சொல்லாது. மற்றச் சகோதரர்களின் குதிரைகளுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றுவேன். தேய்ந்து தகடாகி, ஆணித் தலை மழுங்கி வரும். இடிக்கு உயிர்ப்புத் திருநாளில் கட்டிய லாடத்தை அடுத்த உயிர்ப்புத் திருநாளுக்குக் கழற்றினேன். குளம்பு வளர்ந்திருந்தது, இரும்பு தேயவில்லை. ஆணித் தலைகள் என் பட்டறையில் அடித்தபோது இருந்த அதே அழகோடு இருந்தன. நடுவே குளம்பைச் சீவி அதே லாடத்தையே திரும்பக் கட்டியிருக்கிறேன். அந்தப் பெருவீரர் ஐந்து படையெடுப்புகளை நடத்தியதாகத் தோல் ஏடு பேசுகிறது. நடத்தியிருக்கலாம். நடக்காமல் நடத்தியிருக்கிறார்.

ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"ஐயா, இந்த லாடத்த வேற குதிரைக்கு மாத்திக் கட்டிரட்டுமா? புதுசாவே இருக்கு."

"வேணாம் ஃபோர்துன். அது தேயாம இருக்குறது எனக்கு ஒரு நிம்மதி."

ஒளிவு மறைவு இல்லை. தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளாத ஒரே தலைவர் அவர். சுற்றியிருந்தவர்கள்தாம் அவரைச் சிங்கம் என்றார்கள். சிங்கம் என்று சொன்னால் சிங்கத்துக்கு வைக்கும் இறைச்சியில் பங்கு கிடைக்கும் அல்லவா?

சகோதரர் வெலாஸ்கோ எழுந்துவிட்டார். என்ன சொல்கிறார் என்று பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டோம், கூத்தடிக்கக் கூப்பிடல" என்கிறார். நியாயம். அமருங்கள் ஐயா. கூத்து முடிந்தது. முற்றுகைக்கு வருகிறேன்.

ஆகஸ்டு மாதம். கோதுமை களத்தில் கிடந்தது. தெற்கே ஆற்றைக் கடந்து மூர்ப் படை வந்தது; எண்ணூறு குதிரை. நமக்கும் கோட்டைக்கும் என்ன ஒப்பந்தம்? ஆண்டுதோறும் முப்பது நாள் நாம் கோட்டைச் சுவருக்குக் கல் சுமக்க வேண்டும்; ஆபத்து வந்தால் கோட்டை நமக்குக் கதவைத் திறக்க வேண்டும். நம் அப்பாக்கள் கல் சுமந்தார்கள். நாம் கல் சுமந்தோம். தாய்மார்களே, கருவுற்ற வயிற்றோடு நீங்களும் கல் சுமந்தீர்கள். ஆபத்து வந்தது. அன்று காலை ஊரே மலையேறி ஓடியது. இருநூற்றுப் பத்துப் பேர். கதவு மூடியிருந்தது.

தட்டினார்கள். முதலில் கையால் தட்டினார்கள். பிறகு கல்லால் தட்டினார்கள். பிறகு பெயர் சொல்லித் தட்டினார்கள். நான் இன்னார் மகள், நான் இன்னார் மருமகள், என் மாமன் இந்தச் சுவரைக் கட்டினான். கதவு திறக்கவில்லை. உள்ளே நிலவறைத் தொட்டியில் ஆறு மாதத்துக்குத் தண்ணீர் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் அந்தக் கணத்தில் குதிரைப்படை நுழைந்துவிடுமோ என்று அச்சம். குதிரைப்படை எங்கே இருந்தது? இன்னும் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றங்கரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பூசை வைத்து முடிக்கும் நேரம் இருந்தது.

கடைசியில் தட்டுவது நின்றது. ஊர் மலையின் பின்புறம் இறங்கி, குதிரை நுழைய முடியாத அந்த ஒடுங்கிய ஓடைக்குள் ஒளிந்துகொண்டது. வறண்ட ஓடை. குடிக்க இருந்தது ஆட்டுப் பாலும் இரண்டு தோல்பை மதுவும் மட்டுமே. ஆகஸ்டு வெயில்.

கோட்டைக்குள் நாங்கள் என்ன செய்தோம்? மூர்ப் படைத்தலைவர் ஆள் அனுப்பி, உங்கள் பெருந்தலைவர் வெளியே வந்து என்னோடு தனியாக மோதத் தயாரா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை, உபவாசம் என்று பதில் போனது. மறுநாள் கேட்டார். சனிக்கிழமை, அன்னை மரியாவின் நாள். அடுத்த நாள் கேட்டார். ஞாயிறு, ஓய்வு. திங்களன்று ஒரு புனிதர். செவ்வாயன்று இன்னொரு புனிதர். பதினோரு நாளும் விண்ணகத்திலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்து எங்கள் பெருந்தலைவரைக் காப்பாற்றினார்கள். நான் போருக்குத் தயாராக அறுபது குதிரைகளுக்கு லாடம் கட்டி முடித்தேன். அறுபதில் ஒன்றும் வெளியே போகவில்லை.

ஓடைக்குள் என்ன நடந்தது? அங்கே நான் இல்லை. இருந்தவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

பானை வனையும் தொதாக்கா ஓடை மணலைக் கையில் எடுத்துப் பிசைந்தார். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார். "இந்த மண்ணு கையில ஒட்டுது. கீழ ஈரம் இருக்கு. அழுவுறவ எல்லாம் அப்புறமா அழுவுங்க, இப்ப தோண்டுங்க" என்றார். இல்லையா அக்கா? தலையாட்டுகிறார். எதைக் கொண்டு தோண்டினார்கள்? ஒரு கலப்பைக் கொழு இருந்தது. இரண்டு கதிர் அரிவாள் இருந்தது. மீதி, உடைந்த பானை ஓடு. நான்கு முழத்தில் மண் குளிர்ந்தது; ஈர மண்ணைத் துணியில் கட்டிப் பிள்ளைகளின் நாக்கில் வைத்தார்கள். ஆறு முழத்தில் பெரியவர்களால் குழிக்குள் திரும்ப முடியவில்லை. அப்போது தொதாக்காவின் மகள் மென்சியா இறங்கினாள். பத்தொன்பது வயது. மெலிந்த உடம்பு.

"ஏய், நீ மேல வா. அடுத்தவ எறங்கட்டும்" என்று அம்மா கூப்பிட்டபோதெல்லாம் மகள் கீழேயிருந்து சொன்னாளாம்: "அடுத்தவ எறங்க வேணாம். இங்கதான் நெழலா இருக்கு."

நான்காம் நாள். ஒன்பது முழம். நண்பகல். மென்சியா ஒரு சட்டியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். அதில் பாதி சேறு, பாதி தண்ணீர். அந்தச் சட்டி மேலே வந்து சேர்ந்தபோது ஊறிய பக்கச் சுவர் சரிந்தது.

தோண்டி எடுத்தார்கள். ஓடையிலேயே புதைத்தார்கள். மாலையில் மறுபடி குழிக்குள் இறங்கினார்கள். யார் முதலில் இறங்கியது? தொதாக்கா இறங்கினார். இருநூற்றொன்பது பேர் உயிரோடு இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மூர்ப் படை தானாகப் போய்விட்டது. கோதுமை தீர்ந்துவிட்டது, குதிரைக்குப் புல் இல்லை. அப்போது கோட்டைக் கதவு திறந்தது. எக்காளம் முழங்கியது. கொடி வந்தது, கொடிக்குப் பின்னால் இடி வந்தது, இடிமேல் பெருந்தலைவர் வந்தார். கிணற்றைப் பார்த்தார். சுற்றியிருந்த சகோதரர்கள், ஐயா, ஏதாவது செய்யுங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றார்கள். என்ன செய்வார்? கையில் ஈட்டி இருந்தது. தோண்டிப் போட்டிருந்த சேற்றுக் குவியலில் குத்தினார். குத்திய ஈட்டி திரும்ப வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். மூவரும் சேற்றில் விழுந்தார்கள். உடனிருந்த சபை எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். பெருந்தலைவர் ஈட்டியால் குத்தினார். அவ்விடத்தில் நீர் இருந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதினேழு ஆண்டுகளில் அந்த வரியை முன்னும் பின்னும் சீவிச் சீவி அற்புதமாக்கிவிட்டார்கள்.

சகோதரர் வெலாஸ்கோ கேட்கிறார்: இறந்தவரை இப்படி எள்ளி நகையாடுவது கிறிஸ்தவனுக்கு அழகா? நல்ல கேள்வி. விடை சொல்லத்தான் இங்கே ஏறினேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் அக்டோபரில், ஒரு மதிய வேளையில், பெருந்தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மருத்துவரை வெளியே போகச் சொன்னார். சகோதரர்களை வெளியே போகச் சொன்னார். லாடக்காரன் மட்டும் உள்ளே. எழுபது வயது, கட்டிலில் தாடி மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

"ஃபோர்துன், அன்னிக்கு நீயும் அங்கதான இருந்த. கதவுக்குப் பக்கத்துல, உன் பட்டறையில."

"இருந்தேன் ஐயா."

"நான் கதவுக்கு உள்பக்கம் நின்னேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு. அவங்க சொன்ன எல்லா பேரும் கேட்டுது."

"ஏன் ஐயா தெறக்கல?"

"பயம். வேற என்ன. யோசனை பண்ணினேன்னு எழுதியிருக்காங்க. யோசனை எதுவும் பண்ணல. கால் நகரல."

"பங்குத்தந்தைகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். அவர் மன்னிச்சிட்டாரு. மன்னிச்சதுக்கப்புறமும் தட்டுற சத்தம் கேக்குது. அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"மென்சியா."

அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் போனப்புறம் இவங்க என்னைச் சும்மா விட மாட்டாங்க. கல்லுல செதுக்குவாங்க, புனிதர்னு சொல்லுவாங்க. அப்படிச் சொன்னா, நீ எந்திரிச்சு ஊர் முன்னாடி சிரி. நல்லா சத்தமா சிரி. அத உன்கிட்டதான் கேக்க முடியும். மத்தவங்களுக்குச் சிரிக்கத் தைரியம் இல்ல."

சகோதரர் வெலாஸ்கோ அவர்களே, நான் இதுவரை சிரித்தது ஓர் இறந்த மனிதரின் கடைசிக் கட்டளை. அவர் இட்ட கட்டளைகளில் ஒன்றையாவது யாரேனும் நிறைவேற்ற வேண்டாமா?

அவர் ஏன் என்னைக் கேட்டார்? என் தைரியத்துக்காகவா? இல்லை, பெரியோர்களே. எதை மறைத்தாலும் இதை மறைக்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது என் பட்டறை. தட்டிய கைகளின் சத்தம் அவருக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. அவர் இடுப்பில் சாவி இருந்தது. என் கையில் சம்மட்டி இருந்தது. எட்டு முறை அடித்திருந்தால் அந்தப் பூட்டு தெறித்திருக்கும். பூட்டின் இரும்பு எனக்குத் தெரியும், அதைச் செய்தவன் நானே. என்ன செய்தேன்? தட்டும் சத்தம் காதில் விழாதபடி லாடத்தைப் பலமாக அடித்தேன். அறுபது குதிரைகள் என்று பெருமையாகச் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். இத்தனை நேரம் நீங்கள் கேட்டது ஒரு கோழையைப் பற்றி இன்னொரு கோழை பேசிய பேச்சு. அவராவது இறக்கும்போது சொன்னார். நான் சொல்ல எனக்குப் பதினேழு ஆண்டும் ஒரு தோல் ஏடும் தேவைப்பட்டன.

யாராவது கல்லெறிய நினைத்தால் எறியலாம். மேடை உயரமாகத்தான் இருக்கிறது.

தொதாக்கா, ஏட்டில் என்ன எழுத வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். எழுத்தர் எழுதட்டும். இல்லை சகோதரரே, நீங்கள் பொறுங்கள், அவர் பதினேழு ஆண்டு பொறுத்தார்.

எழுகிறார். கேளுங்கள், சத்தம் போடாதீர்கள்.

"எனக்கு அந்த மனுசன் மேல இப்ப கோவம் ஒண்ணும் இல்ல. உன் மேல இருக்கு ஃபோர்துன், அது இருக்கட்டும், அத நான் வச்சிக்கிறேன். என் மக புனிதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலைல ஏழு தடவ கூப்பிட்டாதான் எந்திரிப்பா. வாயாடி. ஆனா தோண்டினா. அவ பேர எழுதுங்க. கெணத்துக்குப் பூட்டு வேணாம்."

இருக்கட்டும் அக்கா. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோ, ஷிமேனோ எழுந்து மேடைக்கு வருகிறார். என்ன கேட்கிறீர்கள்? சத்தமாகக் கேளுங்கள். "என் குறிய அழிக்க முடியுமா?" என்று கேட்கிறார். தலைவர் எனெகோ எழுத்தரைப் பார்க்கிறார். எழுத்தர் சகோதரரைப் பார்க்கிறார். தோலில் எழுதியதைக் கத்தியால் சுரண்டி எடுக்கலாம், ஷிமேனோ. அப்படித்தான் மென்சியாவை எடுத்தார்கள். பின்னால் இன்னும் இருவர் வருகிறார்கள். வழி விடுங்கள், வழி விடுங்கள். நான்காவது ஆளும் வருகிறார். மீதி இருவர் தரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள்; அவர்களை யாரும் ஏசாதீர்கள், கால் நகராமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

தடுக்காமல் பேச விட்ட தலைவருக்கு நன்றி. இடைமறித்தாலும் வாளை உறையிலேயே வைத்திருந்த சகோதரருக்கு நன்றி. வெயிலில் அமர்ந்து கேட்ட தாய்மார்களுக்கு, நன்றி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, தலை குனிகிறேன்.

எழுத்தரே, ஏழாவது சாட்சியின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். வால்தோர்வாவுக்குத் தண்ணீர் கொடுத்தவள் பானை வனையும் தொதாவின் மகள் மென்சியா. சத்தம் கேட்டும் கதவைத் திறக்காதவர்கள் இருவர்: ஓர்தோனியோ, ஃபோர்துன். இதன் அடியில் என் குறியைப் போடுகிறேன்.

வணக்கம்.